பரிசோதித்தவர் என்ற வரி

என் கணவரின் கையெழுத்தை நான் போடத் தொடங்கிப் பதினேழு வருடங்களாகின்றன. கிராம சேவகரிடம் கொடுக்கும் படிவம், மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட், கோயில் கூட்டத்து இடாப்பு, எல்லாவற்றிலும் அவருடைய பெயர் என் கையால்தான் விழுந்திருக்கிறது. அரசாங்கக் கந்தோர்கள் திறக்கும் நேரத்தில் அவர் கடலில் நிற்பார். அவர் கரைக்கு வரும்போது கந்தோர்கள் பூட்டியிருக்கும். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும், கடலில் வேலை செய்யும் ஆண்களின் மனைவிமார் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், யாரும் அதைப் பிழையென்று சொல்வதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவர் போடும் கையெழுத்தைவிட நான் போடும் அவருடைய கையெழுத்து வடிவாக இருக்கும். அந்தப் பழக்கம் ஒருநாள் அவரையே கொண்டுபோகப் பார்க்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அவர் ஓட்டுவது மீன்பிடிப் படகு அல்ல. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே, குடாவில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் மரக்கறியையும் கொண்டுபோகும் லோஞ்ச். எஞ்சினைப் பார்ப்பவர் மூதூர்க்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். எங்கள் வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருப்பதால் கப்பல்கள் ஊதுவது குசினிவரை கேட்கும். கலியாணமான புதிதில் அந்த ஊதல்களின் அர்த்தத்தை அவர் எனக்குச் சொன்னார். ஒரு குறுகிய ஊதல் என்றால் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டு என்றால் இடப்பக்கம்.

"ஐஞ்சு தரம் கடகடவெண்டு ஊதினா?" என்று கேட்டேன்.

"அது கப்பல் ஏசுறது. 'டேய், நீ என்ன செய்யிறாய்?' எண்டு கேக்குது."

அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

நான் வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவள். அவருடைய போனில் ஒரு செயலி இருந்தது. கப்பல்கள் தாங்கள் நிற்கும் இடத்தை ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். லோஞ்சில் பொருத்திய சின்னப் பெட்டியொன்று அதைப் பிடித்துப் போனுக்குக் கொடுக்க, செயலி ஒவ்வொரு கப்பலையும் வரைபடத்தில் பச்சை அடையாளமாகக் காட்டும். இலவசச் செயலி. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம், எங்கள் தொழிலில் அதைப் பேட்ச் என்பார்கள். ஏற்பதும் தள்ளுவதும் அதைப் பராமரிப்பவரின் கையில் இருக்கிறது. அவர் எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் ஒரு மனிதர். நான் முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை.

அந்தச் செயலியில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மழை பிடித்தால் ஏரியல் வயரில் ஈரம் இறங்கிச் சில கப்பல்களின் செய்தி நின்றுவிடும். செயலி அதைச் சொல்லாது. கடைசியாகக் கேட்ட இடத்திலேயே கப்பலைப் பச்சையாக வைத்துக்கொண்டிருக்கும். கப்பல் போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தாலும் படத்தில் அசையாமல் நிற்கும். "உந்தச் சாமான் மாரியில பொய் சொல்லும். நான் அதை நம்புறேல்லை," என்பார் கணவர். எனக்கு அதைக் கேட்கக் கோபம் வரும். மனிதர்கள் பொய் சொன்னால் பொறுத்துக்கொள்வேன், நிரல் பொய் சொன்னால் எனக்குப் பொறுக்காது. இரண்டு பின்னேரம் உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினேன். ஐந்து நிமிடம் செய்தி வராத கப்பல் சாம்பல் நிறமாகிவிடும். அவ்வளவுதான்.

முதலில் அவருடைய போனில் போட்டுக் கொடுத்தேன். மூன்று கிழமை பார்த்தார். ஒருநாள் மத்தியானம் சோற்றுக்கோப்பையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:

"இது நல்லம். சாம்பல் எண்டா நம்பக்கூடாது. பச்சை எண்டா நம்பலாம். அவ்வளவுதானே?"

"ஓம், அவ்வளவுதான்," என்றேன்.



திருத்தம் அனுப்பும்போது கீழே சில வரிகள் சேர்ப்பது வழக்கம். எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார், பரிசோதித்தவர் யார் என்று. பரிசோதித்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதினேன். பழைய போனில், பழைய செயலியின் மேலேயே புதியதை ஏற்றி, திருகோணமலைக் குடாவில் ஓடும் லோஞ்சில் பார்த்தது என்று விபரமும் எழுதினேன். அந்த நேரத்தில் அது முழு உண்மை.

மூன்றாம் நாள் பராமரிப்பாளரின் பதில் வந்தது. ஆறு இடங்களில் ஆறு கேள்விகள். இதை ஏன் இப்படிச் செய்தாய், அதை ஏன் அங்கே வைத்தாய் என்று. நான் வளர்ந்த வீட்டில் பெரியவர் ஒருவர் பிழை காட்டினால் வாய் திறக்கக் கூடாது. பேசாமல் போய்த் திருத்திக்கொண்டு வந்து காட்ட வேண்டும், அதுதான் மரியாதை. அப்படியே செய்தேன். ஆறையும் திருத்தினேன், ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை, அன்றைக்கே திரும்ப அனுப்பினேன். நான் எவ்வளவு அடக்கமானவள் என்று அந்த மனிதர் மெச்சுவார் என்று நினைத்தேன்.

மெச்சவில்லை. "என் கேள்விகளுக்குப் பதிலைக் காணவில்லை. முதலாவதற்கும் இதற்கும் என்ன மாறியிருக்கிறது என்று நானே தேட வேண்டுமா? திரும்ப அனுப்புவதற்கான வழிமுறைகளைப் படியுங்கள்," என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அரைத்த சம்பலில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. கணவர் அதைச் சாப்பிட்டு முடித்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஆர் உம்மட இந்தக் குற்றம் பிடிக்கிற வெள்ளைக்கார மாமி?" என்று சிரித்தார்.

பிறகு கோபம் அடங்கி அந்த வழிமுறைகளைப் படித்தேன். ஒரு பக்கம்தான். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அதில் எழுதியிருந்தது அதிகாரம் அல்ல, அடுத்தவரின் நேரத்துக்குக் கொடுக்கும் மதிப்பு. எத்தனையாவது தடவை அனுப்புகிறாய் என்று தலைப்பிலேயே இலக்கம் போடு. போன தடவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒளிக்காமல் எழுது. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல், ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையும் சொல். அவசரப்பட்டு நாளுக்கு ஒன்று அனுப்பாதே, ஒரு கிழமையாவது பொறு. கடைசியாக ஒன்று: முக்கியமான எதையாவது மாற்றியிருந்தால், முன்னர் பரிசோதித்தவரின் பெயரை எடுத்துவிட்டு அவரிடம் திரும்பக் கேள். அவர் பார்த்தது இதை அல்ல.

படித்தேன் என்று சொன்னேன் அல்லவா, கடைசியையும்தான் படித்தேன்.

மூன்றாவது பதிப்பை என் வாழ்க்கையில் எழுதிய மிக மரியாதையான கடிதம் என்று சொல்லலாம். ஆறு கேள்விக்கும் ஆறு பதில். தலைப்பில் இலக்கம். எட்டு நாள் பொறுத்திருந்தேன். இரண்டாவது பதிலில் பராமரிப்பாளர் கேட்டிருந்தபடி ஒரு புது மாற்றமும் செய்திருந்தேன். ஐந்து நிமிடம் என்று நான் இறுக்கி வைத்ததை, செயலியைப் பாவிப்பவர் விரும்பியபடி கூட்டவும் குறைக்கவும் கூடியதாக ஆக்கினேன். என்னுடைய போனில் செயலியை முழுதாக அழித்து, புதிதாகப் போட்டுப் பார்த்தேன். வடிவாக வேலை செய்தது.

அனுப்புகிற பின்னேரம் கணவர் முன்னறையில் கதிரையில் சாய்ந்தபடி நித்திரை. போன் சேட்டுப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதை எடுத்து, புதியதை ஏற்றி, நாளைக்கு ஒருக்கால் பாருங்கோ என்று சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம். அந்தப் பத்து அடியை நான் நடக்கவில்லை. அந்த விதி வெளியாட்களுக்கு என்று நினைத்தேன். இவர் என் வீட்டுக்காரர், இவருக்காக நான் எத்தனை இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இதற்கும் ஒன்று. பரிசோதித்தவர் என்ற வரியை அப்படியே விட்டு அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. "நல்ல வேலை. பழைய போனில் பழைய செயலியின் மேல் ஏற்றிப் பார்த்திருப்பது முக்கியம், அப்படிச் செய்து பார்க்க என்னிடம் வசதியில்லை. அந்த வரியை நம்பி ஏற்றுக்கொள்கிறேன்." சந்தோஷத்தில் பாயாசம் காய்ச்சினேன். கணவர் இரண்டு கோப்பை குடித்தார். எதற்கென்று கேட்டபோது, "உங்கட பேர் உலகமெல்லாம் போகுது," என்றேன். அவருக்கும் சந்தோஷம்தான்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று தொடங்கியது. குடா கறுத்தது. மத்தியானம் இரண்டு மணிக்கே லைட் போட வேண்டியிருந்தது. ஊருக்குள் மாடுகள்போலத் திரியும் மான்கள் கடற்கரை வெட்டையை விட்டுக் கடைகளின் தாழ்வாரத்துக்கு வந்து நின்றன. செயலியின் புதிய வெளியீடு வந்து கணவரின் போனில் தானாகவே ஏறிக்கொண்டது. அந்த நாட்களில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்னரெல்லாம் மழை கண்டால் வேகத்தைக் குறைத்து, நின்று நின்று போவார், நேரம் பிந்தி வருவார். இப்போது நேரத்துக்கு வந்தார். "போன் இருக்கெல்லோ," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஒருநாள் காலை அவர் ஏழு மணிக்குப் போனார். எட்டரைக்கெல்லாம் மழை கொட்டத் தொடங்கி, முன்வீட்டுத் தகரக் கூரையே கண்ணுக்குத் தெரியவில்லை. பிளேன்டீ ஊற்றிக்கொண்டு மின்னஞ்சலைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் படகு ஓட்டுகிறவராம். "புதிய வெளியீடு ஏறிய பிறகு என் போனில் எந்தக் கப்பலும் சாம்பலாவதில்லை. மற்றவர்களுக்கும் இப்படியா?"

விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. புதிதாகப் போடும் போனில் ஐந்து நிமிடம் என்று தானாகப் பதிவாகும். பழையதன் மேல் ஏற்றினால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையைச் செயலி பூச்சியம் என்று எடுக்கும். பூச்சியம் என்றால் ஒருபோதும் சாம்பலாக்காதே என்று நானேதான் எழுதியிருந்தேன். பழைய போன், பழைய செயலியின் மேல் புதியது. அவருடைய போன் அது. அதில் ஒரு தடவை பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் பார்த்ததாக அவருடைய பெயரைப் போட்டு உலகத்துக்குச் சொன்னவள் நான்.

அவருக்குப் போன் எடுத்தேன். தொடர்பு இல்லை. திரும்ப எடுத்தேன். நானாவின் இலக்கத்துக்கு எடுத்தேன், அதுவும் இல்லை. மழை இரைச்சலுக்குள் கப்பல் ஒன்று ஊதியது. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நிற்கவில்லை. திரும்பவும் ஐந்து.

தேத்தண்ணீரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. குடையில்லாமல் படகுத்துறை வாசலுக்கு ஓடினேன். அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே விட ஏலாது என்றார் காவல்காரர். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன், அந்தக் குளிர்நாட்டு மனிதரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லோஞ்ச் மழைக்குள்ளிருந்து வெளிப்பட்டபோது அதன் ஒரு பக்கத்துக் கைப்பிடிக் கம்பி முழுவதும் உள்ளே மடிந்திருந்தது.

முதலில் வெளியே வந்தவர் நானா. ஒரு கையை மறுகையால் தாங்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, அவருக்கு ஒண்டுமில்ல. அழாதீங்க. எனக்குத்தான் தோள்மூட்டுக் கழண்டு போச்சு. சீமேந்துக் கப்பல் மழைக்குள்ளால வந்திச்சு. நாங்க அதுட மூக்குக்கு நேர நிண்டம். எஞ்சினை முழுசாப் பின்னால குடுத்தன், பக்கத்தை மட்டும் உரசிட்டுப் போச்சு. அல்லாட காவல்."

கணவர் பின்னால் வந்தார். நனைந்து விறைத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் போனை நீட்டிக் காட்டினார். குடாவின் நடுவில், வழமையாக நங்கூரமிடும் இடத்தில், சீமேந்துக் கப்பல் பச்சையாக நின்றது. உண்மையான கப்பல் அந்த நேரம் அவருடைய முதுகுக்குப் பின்னால் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ரேடியோவில ஏதோ கதைச்சவங்கள். மழையில விளங்கேல்லை. முந்தியெண்டா நிப்பாட்டி, திரும்பக் கேட்டிருப்பன். இது பச்சையாத்தானே நிண்டது. நீர் சொன்னனீர்தானே, பச்சையெண்டா நம்பலாம் எண்டு. அதான் போனனான்."

அவர் குற்றம் சாட்டவில்லை. என்ன பிழை நடந்ததென்று என்னிடம் கேட்கிறார், நான்தானே அதைத் தெரிந்தவள். அதுதான் தாங்க முடியவில்லை.

நானாவின் தோளை ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப்போட்டு, அவரை மூதூருக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பத்து அடியையும் சேர்த்து. துவாயைத் தலையில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"அப்ப, நான் பாத்தனான் எண்டு எழுதினீரோ?"

"ஓம்."

எழுந்து முகம் கழுவப் போனார்.

அன்றைக்கே நான்காவது பதிப்பை எழுதினேன். வெறுமையாக இருந்தால் ஐந்து நிமிடம் என்று எடு. இரண்டே வரி மாற்றம். ஒரு கிழமை பொறு என்ற விதி இந்த மாதிரி ஆபத்துக்குப் பொருந்தாது என்று அந்தப் பக்கத்திலேயே இருந்தது. பரிசோதித்தவர் வரியை எடுத்துவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் பராமரிப்பாளர் எழுதினார்: "லோஞ்ச் ஓட்டுபவரின் வரியைக் காணவில்லையே? எனக்கு அதில்தான் நம்பிக்கை." பதில் எழுத நான்கு தடவை முயன்றேன். கடைசியில் ஒளிக்காமல் எழுதினேன். அவர் மூன்றாவது பதிப்பைப் பார்க்கவில்லை. அவருடைய பெயரை நான்தான் விட்டு வைத்தேன். இன்று காலை அவர் ஒரு கப்பலுக்கு முன்னால் போய்விட்டார்.

பராமரிப்பாளர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அவர் நலமா?" என்பதுதான் முதல் வரி. "நானும் ஒரு பழைய போனைத் தேடிப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். இதை வேறு மூவரிடம் கொடுத்துப் பரிசோதிக்கிறேன். உங்கள் கணவர் பார்த்துச் சொன்னால் அவருடைய வரியையும் சேர்ப்போம். அவசரமில்லை," என்று முடித்திருந்தார். மூன்று நாளில் மூவரும் பார்த்துவிட்டார்கள், திருத்தம் வெளிவந்தது. கணவரின் போனில் இந்தத் தடவை அவருடைய கண்முன்னால் ஏற்றிக் கொடுத்தேன். வாங்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

கேட்டு நச்சரிக்கக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு மரியாதையாக, ஒரு தடவை மட்டும் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, பாத்தனீங்களோ?"

"இன்னும் பாக்கேல்லை."

இன்னொரு கிழமை பொறுத்தேன். மழை விடவில்லை. திரும்பக் கேட்டபோது அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இனி உதைப் பாக்கிறேல்லை. கண்ணாலயும் காதாலயும் போறன். கதைக்கிறதுக்குப் பழைய பட்டன் போன் போதும்."

"இப்ப அது சரியா வேலை செய்யுது. மூண்டு பேர் பாத்திட்டினம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலில் ஒரு கோபமும் இல்லை.

"அந்த மூண்டு பேருக்கும் வீட்டில எழுதிக் குடுக்க ஆக்கள் இருக்கினமோ?"

அவர் போன பிறகு வெகுநேரம் வாசலில் நின்றேன். ஒழுங்கை முனை மழையில் தெரியவில்லை. உள்ளே வந்தபோது அலுமாரிக்கு மேலே அவருடைய போன் கிடந்தது. எடுத்துச் செயலியைத் திறந்தேன். லோஞ்சில் இருக்கும் பெட்டியோடு தொடர்பில்லாததால், நேற்றுப் பின்னேரம் அது கேட்ட எல்லாக் கப்பல்களும் சாம்பல் நிறத்தில் நின்றன. ஒன்றுகூடப் பச்சை இல்லை. திருத்தம் எழுதியபடியே வேலை செய்கிறது. அந்தப் போனில் அதைப் பார்த்தவள் நான் மட்டும்தான். அவர் மழைக்குள் போயிருந்தார்.